பாதி மறந்த கவிதையைத் தேடி

இழப்புகளைப் பதிய வருகின்ற உத்தியோகத்தர்கள் வீடு, காணி, கிணறு, ஆடு மாடு, சைக்கிள், தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். கவிதை எழுதி வைத்திருந்த கொப்பியைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை. நாங்களும் சொல்வதில்லை. உயிர்களையும் உடைமைகளையும் இழந்து நிற்கும்போது ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்வதற்கு வெட்கமாகக்கூட இருக்கும்.

ஆனால் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து, தேத்தண்ணி குடித்தபடி பெண்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கும்போது இந்த இழப்பும் மெல்ல வெளியே வருகின்றது. ஒருவர் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய பாட்டின் முதல் இரண்டு அடிகளைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார். இன்னொருவர் தன் அம்மம்மா பாடிய தாலாட்டில் மாமன்மார் கொண்டுவரும் சீர்வரிசை மட்டும் நினைவிருப்பதாகச் சொல்வார். வேறொருவர், பத்திரிகையின் பெண்கள் பகுதியில் எப்போதோ வாசித்த கவிதை ஒன்றைப் பற்றிச் சொல்வார். எழுதியவர் யார், எந்தப் பத்திரிகை, எந்த வருடம் என்பதெல்லாம் மறந்துபோயிருக்கும். அதை வாசித்து அழுதது மாத்திரம் மறக்கவில்லை.

"முதலும் முடிவும் நிக்குது. நடுவிலைதான் ஒண்டும் வருகுதில்லை."

இப்படிச் சொல்லாத பெண்கள் எம்மத்தியில் குறைவு. அந்த நடுப்பகுதியைத் தேடுவது வீண்வேலை அல்ல என்பதையும், அதைத் தேடுவதற்கு வழிகள் உண்டு என்பதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொப்பிகள் எங்கே போயின?

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்த வன்முறையின்போது யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அதே நாள்களில் 'ஈழநாடு' பத்திரிகையின் காரியாலயமும் எரிக்கப்பட்டது. இது எல்லோரும் அறிந்த இழப்பு. நூலகம் பின்னர் மீளக் கட்டப்பட்டது. வீடுகளில் இருந்த சிறிய நூலகங்கள் பற்றி எவரும் கணக்கெடுக்கவில்லை.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் கையில் கொண்டுபோனது மிகச் சொற்பம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. 2009இன் முதல் மாதங்களில் வன்னி மக்கள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பொதியை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் சொப்பிங் பைக்குள் முதலில் போனவை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, குழந்தையின் மருந்து, இருந்தால் ஒரு சோடி காப்பு. கொப்பி மேசையிலேயே கிடந்தது.

பத்திரிகைகளின் நிலையும் இதுதான். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சுத்தாள் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கோடு போட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சடித்தார்கள். அப்படி வந்த பத்திரிகையும் வாசித்து முடிந்ததும் கடையில் சரை சுற்றவும் அடுப்பு மூட்டவும் போய்விட்டது. பெண்கள் எழுதிய எத்தனை கவிதைகள் சீனிச் சரையாகப் போயின என்று யாரால் சொல்ல முடியும்?

மற்றவர்கள் வைத்திருந்ததால் தப்பியவை

ஈழத்துப் பெண்களின் கவிதைகளை ஒரே தொகுப்பாக நாம் முதன்முதலில் கண்டது 1986இல் ஆகும். யாழ்ப்பாணத்தில் இயங்கிய பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்னும் அந்தச் சிறிய நூலை வெளியிட்டது. அதில் பத்துப் பெண்கள் எழுதியிருந்தார்கள். பலர் புனைபெயரிலேயே எழுதினார்கள். வீட்டுக்குத் தெரியாமல் எழுதியவர்களும் இருந்தார்கள். காலம் பொல்லாதது என்பதால் பெயரை மறைத்தவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் சிவரமணி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1991 மே 19ஆம் திகதி, இருபதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதற்கு முன்னர் தன்னிடமிருந்த தனது கவிதைகளை எரித்துவிட்டார். அவரிடமிருந்த கையெழுத்துப் பிரதிகள் அத்தோடு முடிந்தன. ஆயினும் 1993இல் பெண்கள் ஆய்வு வட்டம் 'சிவரமணி கவிதைகள்' என்ற நூலை வெளியிட்டது. எரிந்த கவிதைகள் எங்கிருந்து வந்தன? சஞ்சிகைகளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தவை சில. தோழியர், நண்பர்கள் கையில் இருந்தவை சில. இன்று சிவரமணியை வாசிக்கும் ஒவ்வொருவரும் வாசிப்பது மற்றவர்கள் கைவிடாமல் வைத்திருந்த கவிதைகளையே.

எழுதியவரே எரித்ததை மற்றவர்கள் அச்சிடுவது சரியா என்ற கேள்வி எழலாம். அது நியாயமான கேள்வியே. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது தானாகவே அச்சுக்கும் தோழியரின் கைக்கும் கொடுத்தவையும் அவற்றுள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

செல்வியின் கதையும் அதே ஆண்டுக்குரியது. 'தோழி' என்னும் பெண்கள் சஞ்சிகையை நடத்திய அவர், பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகளால் கடத்திச் செல்லப்பட்டார். திரும்பி வரவில்லை. அவரது பெயரில் எமக்குக் கிடைப்பவை ஒரு சில கவிதைகள் மாத்திரமே. 'சொல்லாத சேதிகள்' தொகுப்பில் எழுதிய இன்னொருவரான ஊர்வசியின் கவிதைகள் தனி நூலாக வந்தது 2014இல்தான். 1980களில் எழுதியவை நூலாவதற்கு முப்பது வருடங்கள் அளவில் சென்றன.

இவர்கள் பெயர் தெரிந்த கவிஞர்கள். இவர்களின் கவிதைகளே இந்தப் பாடுபட்டுத்தான் எம்மிடம் வந்து சேர்ந்தன என்றால், ஒரேயொரு கவிதை எழுதி, ஒரேயொரு தரம் பத்திரிகையில் பெயரைக் கண்ட எமது சகோதரிகளின் எழுத்து என்னவாகியிருக்கும்? அது எங்காவது இருக்குமென்றால், யாராவது ஒரு பெண்ணின் கொப்பியில் அல்லது ஞாபகத்தில்தான் இருக்கும்.

ஒரு தங்கையின் கவிதை

வன்னியில் வசிக்கும் ஒரு தாயின் அனுபவத்தை இங்கே தருகின்றோம். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரது தங்கை 2009 மார்ச்சில் எறிகணை வீழ்ந்து இறந்தவர். அவருடைய புகைப்படம் ஒன்றுகூடக் குடும்பத்தில் எவரிடமும் மிஞ்சவில்லை.

"படம் இல்லாட்டிலும் பரவாயில்லை, முகம் எனக்குத் தெரியும். அவள் ஒரு கவிதை எழுதினவள். பேப்பரிலை வந்தது. அதையாவது பிள்ளையளுக்குக் காட்டுவம் எண்டால் அரைவாசிதான் ஞாபகமிருக்கு" என்றார் அவர்.

கவிதை கிணற்றுக் கயிற்றைப் பற்றியது. வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வரும்போது துலாக் கயிறு உக்கிப்போய்விடுமே என்று ஒரு பெண் யோசிப்பதாக அது அமைந்திருந்தது. முதல் நான்கு வரிகளும் கடைசி வரியும் அவருக்கு நினைவிருந்தன. பத்திரிகையின் பெயர் நினைவில்லை. வருடமும் தெரியாது. தங்கை சொந்தப் பெயரில் எழுதவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மாதர் சங்கப் பெண்கள் அவரைச் சுற்றியிருந்து கேள்வி கேட்டார்கள். கவிதையைப் பற்றிக் கேட்கவில்லை. அதை வாசித்த அன்றைய நாளைப் பற்றிக் கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் வாசித்ததாகச் சொன்னார். அப்படியென்றால் மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத தடைக்காலம். பத்திரிகைத் தாளில் கோடு இருந்தது. அதுவும் அந்தக் காலந்தான். தங்கை உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள், வாசித்தது சொந்த வீட்டுத் திண்ணையில். ஆகவே 1995 இடப்பெயர்வுக்கு முன்னர். அரை மணித்தியாலத்துக்குள் "எந்த வருடமோ தெரியாது" என்றிருந்தது 1993க்கும் 1995க்கும் இடைப்பட்ட காலமாகச் சுருங்கியது.

அங்கத்தவர் ஒருவரின் மகள், அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் கிடைத்தவற்றை இணையத்தில் தேடிப் பார்த்தார். கவிதை அகப்படவில்லை. அந்த நாளைய பிரதிகள் முழுமையாக இல்லை. அதன்பின் தங்கையோடு படித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடினார்கள். ஒருவர் வவுனியாவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில். ஐந்தாவது ஆள்தான் சொன்னார், தன்னுடைய பழைய ஓட்டோகிராப் கொப்பியில் அவள் எழுதித் தந்தது இருக்க வேண்டும் என்று. இரண்டு கிழமைக்குப் பின்னர் அந்தப் பக்கத்தின் படம் தொலைபேசிக்கு வந்தது.

கவிதை பதினெட்டு வரி. அக்கா கடைசி வரியென்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தது உண்மையில் நடு வரி. அவர் மிகவும் விரும்பிச் சொல்லிவந்த ஒரு வரி கவிதையில் இல்லவே இல்லை. வேறெங்கோ கேட்டது வந்து ஒட்டியிருக்க வேண்டும். உண்மையான முடிவில், போனவர்கள் திரும்பி வந்து புதுக் கயிறு கட்டுகின்றார்கள். அது அவருக்கு முற்றாக மறந்துபோயிருந்தது. பக்கத்தின் ஓரம் செல்லரித்திருந்தபடியால் இரண்டு வரிகள் வாசிக்க முடியாமல் இருந்தன.

"அவள் நல்லபடியாத்தான் முடிச்சிருக்கிறாள். நான்தான் இவ்வளவு நாளும் துக்கமாய் முடிச்சு வைச்சிருந்தனான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேடுவது எப்படி?

இத்தகைய தேடல்களிலிருந்து சில வழிமுறைகளைத் தொகுத்துத் தரலாம்.

முதலாவது, தேடத் தொடங்குமுன் எழுதுங்கள். நினைவிலுள்ளதை உள்ளபடியே ஒரு தாளில் எழுதித் திகதியும் இடுங்கள். அழகுபடுத்த வேண்டாம். நிச்சயமான சொற்களை ஒரு நிறத்திலும் சந்தேகமானவற்றை இன்னொரு நிறத்திலும் எழுதுங்கள். மற்றவர்களிடம் கேட்கக் கேட்க எமது ஞாபகமும் மாறிக்கொண்டே போகும். எது நான் முதலில் அறிந்தது, எது பிறகு மற்றவர் சொன்னது என்று பிரித்தறிய இந்தத் தாள் உதவும்.

இரண்டாவது, கவிதையைச் சுற்றியிருந்தவற்றை எழுதுங்கள். எங்கே வாசித்தீர்கள்? யார் வாசித்துக் காட்டினார்? பத்திரிகையா, பாடசாலை மலரா, வானொலியா? அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், எந்தப் பிள்ளை கைக்குழந்தை? எமது பெண்களுக்கு வருடங்கள் மறக்கும். இடப்பெயர்வுகளும் பிரசவங்களும் மறப்பதில்லை. அவற்றைக் கொண்டே வருடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவது, அது மரபுக் கவிதையா புதுக்கவிதையா என்று பாருங்கள். மரபுக் கவிதையானால் எதுகையும் மோனையும் துணைக்கு வரும். ஓரடியின் முதற்சொல் தெரிந்தால், அடுத்த அடியின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்து பெரும்பாலும் அதே எழுத்தாக ஒத்துவரும். அந்த ஓசையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் மறந்த சொல் தானாகவே நாவில் வருவதுண்டு. வயதான பெண்கள் நினைவு வைத்திருக்கும் பாடசாலைப் பாட்டுகள் பல இந்த வகையின. ஆடிக்கூழ் பற்றிய பாட்டு என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்களுக்காகப் பாடியதாக இருக்கும். இவ்வாறானவை அச்சில் உள்ளன, கண்டெடுப்பது இலகு. புதுக்கவிதைக்கு இந்த வசதி இல்லை. அங்கே கவிதையில் வரும் அபூர்வமான சொல் அல்லது பொருளே அடையாளம்.

நான்காவது, ஆட்களிடம் கேளுங்கள். நூலகத்துக்குப் போக முன்னரே இதைச் செய்யுங்கள். நூல் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார். கூடப் படித்தவர்கள், தமிழ் படிப்பித்த ரீச்சர், ரியூசன் வகுப்புத் தோழியர், அயலவர், புலம்பெயர்ந்த உறவினர் என எல்லோரிடமும் கேளுங்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்த வரிகளை முதலில் சொல்லிவிடாதீர்கள். கவிதை எதைப் பற்றியது என்று மட்டும் சொல்லி, அவர்களைச் சொல்ல விடுங்கள். நீங்கள் சொன்னால் அவர்களும் "ஓம் ஓம், அதுதான்" என்று சொல்லிவிடுவார்கள். தனித்தனியே கேட்ட இருவர் ஒரே சொல்லைச் சொன்னால் அதை நம்பலாம்.

ஐந்தாவது, அச்சில் தேடுங்கள். 2005இல் ஆரம்பிக்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. பக்கங்கள் பெரும்பாலும் படங்களாகவே உள்ளபடியால் கவிதையின் வரியை அடித்துத் தேடினால் அகப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பல சஞ்சிகைகளுக்கு உள்ளடக்கம் தரப்பட்டுள்ளது. தலைப்பு, எழுதியவர் பெயர், சஞ்சிகை, வருடம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் தேடலாம். தொலைபேசியில் இதைச் செய்ய உங்கள் மகளோ மருமகளோ உதவுவார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் யாழ் பொது நூலகத்திலும் பழைய இதழ்கள் பேணப்படுகின்றன. இலங்கையில் அச்சாகும் வெளியீடுகளின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென்ற சட்டம் 1885 முதல் உள்ளது. எனவே கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் உண்டு. போர்க்காலத்தில் வடக்கில் அச்சான யாவும் அங்கு போய்ச் சேர்ந்தன என்று சொல்வதற்கில்லை.

ஆறாவது, புனைபெயரை மனதில் கொள்ளுங்கள். பெண்கள் பலர் தம் பெயரை மறைத்தே எழுதினார்கள். தெரிந்த பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காகக் கவிதையே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அதேவேளை, உயிரோடு இருக்கும் ஒருவரின் புனைபெயரைக் கண்டுபிடித்துவிட்டால் அதை அவர் சம்மதமின்றி வெளியில் சொல்லவும் வேண்டாம். மறைத்ததற்கு அவருக்குக் காரணம் இருந்திருக்கும்.

எழுதியவர் இல்லாத பாட்டுகள்

நினைவில் பாதியாக நிற்பவை யாவும் கவிஞர் ஒருவர் எழுதியவை அல்ல. தாலாட்டு, ஒப்பாரி, நாற்றுநடும்போது பாடுபவை, கிழக்கிலே முஸ்லிம் பெண்கள் பாடிவரும் கவிகள் எனப் பெண்களின் வாயிலேயே பிறந்து வளர்ந்தவை ஏராளம். இவற்றுக்குச் சரியான மூலப்பாடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் ஊரிலும், ஏன் ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு விதமாகப் பாடியிருப்பார்கள். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்களில் நாட்டார் பாடல்கள் பலவற்றைக் காணலாம். அவற்றில் உங்கள் அம்மம்மாவின் தாலாட்டைப் போன்ற ஒன்று இருக்கலாம். ஆனால் நூலில் உள்ளதே சரி, அம்மம்மா பாடியது பிழை என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் வீட்டுத் தாலாட்டின் ஒரே பிரதி உங்கள் ஞாபகந்தான். அதை எழுதி வைப்பதும், பேத்தியின் தொலைபேசியில் பாடிப் பதிந்து வைப்பதுமே இங்கு தேடலாகும்.

கிடைக்காவிட்டால்?

சில கவிதைகள் கிடைக்கமாட்டா. அப்போது விடுபட்ட இடத்தை நாமே எழுதி நிரப்பும் ஆசை வரும். அதைச் செய்யாமல் இருப்பது நல்லது. வேண்டுமென்றால் அந்தக் கவிதையை நினைத்துப் புதிதாக ஒன்றை எழுதி, அதன் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். இறந்தவரின் பெயரில் எமது சொற்களை வைக்க வேண்டாம்.

எமது பழைய இலக்கியத்திலும் இதற்கு வழக்கம் உண்டு. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சில் கொண்டுவந்தார். பல ஏடுகளை ஒப்பிட்டும் 267ஆம், 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகளில் வரிகள் சிதைந்திருந்தன. அவற்றை எவரும் கற்பனையால் நிரப்பவில்லை. அந்த இரண்டு எண்களும் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. நானூறு பாட்டுகள் என்ற கணக்கில் அவற்றுக்கும் இடம் உண்டு.

வன்னித் தாயும் இதைத்தான் செய்திருக்கின்றார். தங்கையின் கவிதையைப் புதுக் கொப்பியில் பிரதி பண்ணி, செல்லரித்த இரண்டு வரிகளுக்கும் இடம் விட்டுக் கோடு போட்டு வைத்துள்ளார். பத்திரிகைப் பிரதி எங்காவது கிடைக்குமென்ற நம்பிக்கை அவருக்கு இன்னமும் இருக்கின்றது.

கிடைத்த கவிதையை எப்படிப் பேணுவது? ஒரு பிரதி போதாது என்பதை ஒவ்வோர் இடப்பெயர்வும் எமக்குக் கற்பித்துள்ளது. மூன்று பிரதி எடுங்கள். ஒன்றை வீட்டிலும், ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும், ஒன்றைப் பாடசாலை நூலகத்திலோ வாசிகசாலையிலோ வையுங்கள். எழுதியவர் பெயர், எங்கிருந்து கிடைத்தது, யார் நினைவில் வைத்திருந்தார் என்பவற்றையும் கீழே குறியுங்கள்.

சகோதரிகளே, உங்களிடம் பழைய கொப்பியோ ஓட்டோகிராப்போ இருந்தால் இந்தக் கிழமையே எடுத்துப் பாருங்கள். நீங்கள் விளையாட்டாகப் பிரதி பண்ணிய ஒரு பக்கத்தை இன்னொரு பெண் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கலாம். உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தமக்கு நினைவுள்ள பாதியைக் கொண்டுவரட்டும். மற்றப் பாதி பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடமே இருக்கக்கூடும்.